பூச்சரமா, வளையமா, எண்ணெயா: குரோமோசோமை மண்டபத்தில் எப்படிக் காட்டுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கோயில் மண்டபத்தில், பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை எனக்கு 45 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். படிவம் 4, 5 பிள்ளைகள் முப்பது பேர் வருவார்கள். கொண்டுவந்து விடும் பெற்றோர் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களில் பாதிப் பேர் லயத்து வீட்டில் பிறந்து, தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தவர்கள். தலைப்பு நானே கேட்டு வாங்கியது: உயிரணுவின் உட்கருவுக்குள் குரோமோசோம்களைப் புரதங்கள் எப்படி ஒழுங்காக வைத்திருக்கின்றன? வாங்கிய பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. இதை எதை வைத்துக் காட்டுவது?

அசையும் படங்களைத் திரையில் போட்டுவிட்டுப் போகலாம். இணையத்தில் அழகானவை கிடைக்கின்றன. ஆனால் திரையில் ஓடுகிற எதையும் பார்த்துப் பழகிப்போன பிள்ளைகள் இவர்கள். கொட்டாவி விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கையில் பிடித்து இழுத்துப் பார்க்க ஒரு பொருள் வேண்டும் என்று முடிவு செய்தேன். மூன்று வாரமாக வீட்டுக் கூடத்தில் நான்கு வழிகளைச் செய்து பார்த்திருக்கிறேன். என்னைப்போல் டியூஷன் எடுக்கிறவர்களுக்கும் இந்தக் கேள்வி வரும் என்பதால், எது எதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்று எழுதிவைக்கிறேன். மாதிரி என்று எடுத்தாலே கொஞ்சம் பொய் இருக்கும். எந்தப் பொய்யைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதுதான் கேள்வி.

முதலில் கணக்கு. நம் உயிரணு ஒன்றிலுள்ள 46 குரோமோசோம்களின் டி.என்.ஏவையும் பிரித்து நீட்டி ஒட்டுப்போட்டால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். உட்கருவோ சுமார் 10 மைக்ரோமீட்டர் அகலம்தான். இதை அப்படியே சொன்னால் யாருக்கும் உறைக்காது. உட்கருவை ஒரு கால்பந்து அளவுக்குப் பெரிதாக்குவோம். அப்போது டி.என்.ஏ நூல் 44 கிலோமீட்டர் நீளமாகிவிடும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரைக்கும் போய், அங்கிருந்து பாதி வழி திரும்பி வரலாம். நூலின் தடிமன் தலைமுடியைவிடக் குறைவு. அத்தனையும் பந்துக்குள் இருக்க வேண்டும். சும்மா இருந்தாலும் போதாது. வேண்டிய மரபணுவை வேண்டிய நேரத்தில் எடுக்க முடிய வேண்டும், உயிரணு பிரியும்போது சிக்கில்லாமல் இரண்டு பங்காகப் பிரிய வேண்டும்.

போன வருடம் இந்தப் பாடத்தை டியூஷனில் ஒரு நூல்கண்டை வைத்து நடத்தினேன். "சுருட்டி, அதையும் சுருட்டி, அதையும் சுருட்டி வைத்திருக்கிறது" என்று சொல்லி முடித்தேன். பின்பெஞ்சுப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், இவ்வளவு இறுக்கிச் சுருட்டிட்டா நடுவுல இருக்கிறதை எப்படிப் படிக்கும்?" பதில் சொல்லாமல் மணியைப் பார்த்தேன். நான்கு வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

முதல் வழி பூச்சரம். கோயில் வாசலில் பூ கட்டுகிற அக்காவிடம் போய் உட்கார்ந்து பார்த்ததில் வந்த யோசனை. இடது கையில் பூக்களைக் காம்போடு சேர்த்துப் பிடிக்கிறார், வலது கை நூலை அவற்றைச் சுற்றிக்கொண்டு போகிறது, ஒரு இழுப்பு, முடிச்சு விழுகிறது. உடனே அடுத்த பூக்கள். டி.என்.ஏவில் நடப்பதும் இதேதான். பூக்களின் இடத்தில் ஹிஸ்டோன் என்கிற புரதங்கள். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து ஒரு கொத்தாகின்றன. டி.என்.ஏ அந்தக் கொத்தை ஒன்றேமுக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிக்கொண்டு அடுத்த கொத்துக்குப் போகிறது. ஒவ்வொரு சுற்றலிலும் 147 இணை எழுத்துகள், அதாவது டி.என்.ஏ ஏணியின் 147 படிகள், அடங்கும். இந்த ஒரு கொத்துக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். நம் ஒரு உயிரணுவில் இப்படி ஏறக்குறைய 3 கோடி முடிச்சுகள்.

முடிச்சு என்றாலும் நூலைக் கட்டிப்போடுகிற முடிச்சு அல்ல. டி.என்.ஏ எதிர்மின்னேற்றம் உடையது. ஹிஸ்டோனில் நேர்மின்னேற்றம் உள்ள லைசின், ஆர்ஜினின் என்கிற அமினோ அமிலங்கள் நிறைய. ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். சரத்திலிருந்து பூவின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுபோல ஹிஸ்டோனின் வால்களும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலில் உயிரணு குறிகளை ஒட்டும். அசெட்டைல் குறியை ஒட்டினால் நேர்மின்னேற்றம் குறைந்து பிடி தளரும். சில இடங்களில் மெத்தைல் குறியை ஒட்டினால் வேறு புரதங்கள் வந்து உட்கார்ந்து அந்தப் பகுதியை அடைத்துவிடும்.

1974இல் அமெரிக்க விஞ்ஞானி ரோஜர் கோர்ன்பர்க் இந்த எட்டுப் புரதக் கணக்கைச் சொன்னார். 1997இல் இதன் அணு அளவிலான படம் வெளிவந்தது. இடையில் நம்மவர் ஒருவரின் பங்கும் உண்டு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், உயிரணுவில் புரதம் செய்யும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக 2009இல் நோபல் பரிசு வாங்கியவர் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன், 1993இல், கோழி போன்ற பறவைகளின் சிவப்பணுவில் இருக்கிற எச்5 என்ற ஹிஸ்டோனின் உருண்டைப் பகுதி எப்படி இருக்கும் என்று கண்டு வெளியிட்ட குழுவின் கட்டுரையில் முதல் பெயர் அவருடையதுதான். எச்5 என்பது நம்முடைய எச்1 ஹிஸ்டோனுக்குப் பங்காளி. முடிச்சுக்கு முடிச்சு நூல் நுழைந்து வெளிவரும் இடத்தைப் பிடித்துவைக்கும் புரதம். மண்டபத்தில் இதைச் சொன்னால் பின்வரிசை நிமிர்ந்து உட்காரும்.

பூச்சரத்துக்குச் செலவு ஏறக்குறைய இல்லை. தேர்வில் கேட்பதும் இதுதான். எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை, வீட்டில் பாட்டி கட்டியிருப்பார். அப்படியானால் இதையே எடுத்துக்கொண்டால் என்ன?

இரண்டு சங்கடம். முதலாவது, சரம் கட்டியதால் மட்டும் நூல் பந்துக்குள் போய்விடாது. நியூக்ளியோசோம் முடிச்சுகளால் நீளம் ஆறேழு மடங்குதான் குறைகிறது. 2 மீட்டர் 30 சென்டிமீட்டர் ஆகும். அதை 10 மைக்ரோமீட்டருக்குள் வைக்க வேண்டும். மீதியை எப்படி அடக்குவது? பாடப்புத்தகங்கள் இங்கே ஒரு படம் போடும்: சரம் சுருண்டு 30 நானோமீட்டர் கயிறாகும், கயிறு சுருண்டு வடமாகும், வடம் சுருண்டு நமக்குத் தெரிந்த எக்ஸ் வடிவம் வரும். தேர்த்திருவிழாவில் வடம் திரிப்பதுபோல ஒழுங்கு. சோதனைக்குழாயில் அந்த 30 நானோமீட்டர் கயிறு கிடைத்தது உண்மைதான். ஆனால் 2017இல் மனித உயிரணுவுக்குள்ளேயே மின்னணு நுண்ணோக்கியால் பார்த்தபோது அது கண்ணில் படவில்லை. 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமன் மாறிமாறி, ஒழுங்கில்லாமல் நெளிந்த சரங்கள்தான் இருந்தன. படிப்படியாகச் சுருட்டும் அந்தப் படத்தை நான் இருபது வருடம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன்.

இரண்டாவது சங்கடம் எனக்குப் பெரியது. பூச்சரம் கட்டி முடித்த பொருள். கட்டியாயிற்று, தொங்கவிட்டாயிற்று. அந்தப் பையனின் கேள்விக்கு அதில் அரைப் பதில்தான் இருக்கிறது: வாலில் குறி ஒட்டித் தளர்த்தலாம் என்பது வரை. தூரத்தில் இருக்கிற இரண்டு இடங்கள் எப்படிச் சந்திக்கின்றன, சந்திக்கக் கூடாதவை எப்படி விலகி இருக்கின்றன என்பதற்குச் சரத்தில் விடை இல்லை.

அடுத்த வழி வளையம். இதில்தான் மூன்று வாரத்தில் இரண்டு வாரம் போயிற்று.

விஷயம் இது. கோஹீசின் என்று ஒரு புரதக் கூட்டு உண்டு, வளைய வடிவம். பிரதியெடுத்த இரண்டு டி.என்.ஏக்களை உயிரணு பிரியும்வரை சேர்த்துப் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை என்று 1997 வாக்கில் கண்டுபிடித்துப் பெயரும் வைத்தார்கள். அதற்கு இன்னொரு வேலையும் இருப்பது பிறகு தெரிந்தது. அது டி.என்.ஏவில் ஏதோ ஓரிடத்தில் உட்கார்ந்து, நூலைத் தன் வழியாக இழுத்து, கண்ணியாக வெளியே தள்ளுகிறது. இழுக்க இழுக்கக் கண்ணி பெரிதாகும். முதலில் இது வெறும் ஊகமாகவும் கணினிக் கணக்காகவும் இருந்தது. 2018இல் கோஹீசினின் உறவுக்காரப் புரதமான கண்டென்சின் ஒரே ஒரு டி.என்.ஏ நூலைக் கண்ணியாக இழுப்பதை நுண்ணோக்கியின் கீழ் நேரடியாகவே பார்த்துவிட்டார்கள். நொடிக்கு 1,500 இணை எழுத்துகள் வரை. மறு வருடம் கோஹீசினும் அப்படியே செய்வதைக் காட்டினார்கள். இதற்கு ஏ.டி.பி என்கிற எரிபொருள் செலவாகிறது. அது இல்லையென்றால் இழுப்பு நின்றுவிடும்.

எதுவரை இழுக்கும்? சி.டி.சி.எஃப் என்கிற இன்னொரு புரதம் டி.என்.ஏவில் குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடி உட்கார்ந்திருக்கும். அந்த வரிசைக்குத் திசை உண்டு, அம்புக்குறி மாதிரி. 2014இல் மனித உயிரணுவின் கண்ணிகளை வரைபடமாக்கியபோது ஏறக்குறைய 10,000 கண்ணிகள் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் இரு முனைகளிலும் இருந்த அம்புகள் ஒன்றை ஒன்று பார்த்தபடி இருந்தன. முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தவை அபூர்வம். சும்மா நூல் நெளிந்து தற்செயலாக இரண்டு இடம் தொட்டுக்கொண்டால் திசையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்குமா? ஒரு முனையிலிருந்து இழுத்துக்கொண்டே வருகிற ஏதோ ஒன்று இருந்தால்தான் இது நடக்கும். இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகப் பிடித்த துப்பு இது.

இதை எப்படிக் காட்டுவது? முதலில் ராஃபியா கயிறும் சாவிவளையமும் எடுத்தேன். ராஃபியா தட்டையானது, இரண்டு இழுப்பில் முறுக்கிக்கொண்டு வளையத்தில் சிக்கிவிட்டது. சாவிவளையமும் சிறிது. அப்புறம் இரண்டு வெள்ளிக் கடையில் துணி காயவைக்கிற நைலான் கயிறும் திரைச்சீலை மாட்டும் பிளாஸ்டிக் வளையங்களும் வாங்கினேன். நைலான் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இரண்டு பிள்ளைகள் கயிற்றின் இரு முனையையும் தளர்த்திப் பிடிக்க வேண்டும். மூன்றாவது பிள்ளை வளையத்தைப் பிடிக்க வேண்டும். நான்காவது பிள்ளை நடுக்கயிற்றைக் கிள்ளி வளையத்துக்குள் விட்டு இழுக்கவேண்டும். கண்ணி வளர்கிறது, இரண்டு முனையிலிருந்தும் கயிறு உள்ளே வருகிறது, முனையைப் பிடித்தவர்கள் தாமாகவே ஒருவரை ஒருவர் நோக்கி நடந்து வருகிறார்கள். இந்த நடைதான் முக்கியம். மண்டபத்தின் இரண்டு மூலையில் நின்ற இருவர் யாரும் கூப்பிடாமல் அருகருகே வந்து நிற்கிறார்கள்.

சி.டி.சி.எஃபுக்குத்தான் ரொம்ப நாள் விழித்தேன். முடிச்சுப் போட்டால் இரண்டு பக்கமும் தடுக்கும், திசை வராது. ஈப்போ புந்தோங்குக்குப் போய்க் கச்சாங் பூத்தே வாங்கி வந்தபோது விடை கிடைத்தது. கடலை மடித்துத் தருகிற அந்தக் காகிதக் கூம்பு! பழைய செய்தித்தாளில் சின்னதாகக் கூம்பு மடித்து, நுனியைக் கொஞ்சம் கிள்ளிவிட்டு, கயிற்றில் கோத்து ஒட்டுநாடாவால் நுனியை நிறுத்திவிட்டேன். நுனி முதலில் வந்தால் காகிதம் நசுங்கி வளையத்துக்குள் நுழைந்து போய்விடுகிறது. வாய் முதலில் வந்தால் வளையத்தில் மாட்டி நிற்கிறது. கயிற்றின் இரு பக்கமும் வாயும் வாயும் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணி அங்கே நிற்கும். ஒரு கூம்பைத் திருப்பி மாட்டினால் கண்ணி அதைத் தாண்டி அடுத்த கூம்பு வரைக்கும் ஓடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையை வைத்து நான்கு தடவை செய்து பார்த்தேன். நான்காவது தடவை கூம்பு நைந்துபோனது. ஆளுக்கு ஐந்தாவது கூம்பு கையிருப்பில் வேண்டும்.

இந்தத் தடை எதற்கு என்று கேட்பார்கள். அதற்கு எங்கள் ஊர் பதில் வேலிதான். மரபணுவுக்கு "இப்போது வேலை செய்" என்று தூரத்திலிருந்து ஆணை தரும் டி.என்.ஏ துண்டுகள் உண்டு. அவை பெரும்பாலும் தம் கண்ணிக்குள் இருக்கிற மரபணுவைத்தான் சந்திக்கும். 2015இல் வெளிவந்த ஆய்வொன்றில், விரல்கள் உருமாறிப் பிறந்தவர்கள் இருந்த சில குடும்பங்களின் டி.என்.ஏவைப் பார்த்தார்கள். ஈ.பி.எச்.ஏ.4 என்கிற மரபணு இருக்கும் வட்டாரத்தில் எல்லை சிதைந்திருந்தது. கோளாறு செய்த மரபணு சரியாகத்தான் இருந்தது. ஆணை வேலியைத் தாண்டிப் பக்கத்து மரபணுவுக்குப் போய்விட்டது. சுண்டெலிகளில் அதே எல்லையைக் கத்தரித்துப் பார்த்தபோது அதே மாதிரி விரல் கோளாறு வந்தது. வேலி சாய்ந்த பிறகு அடுத்த தோட்டத்து மாடு நம் கொல்லையில் மேய்ந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும்.

இனி இதன் பொய்கள். கயிற்றை நம் கை இழுக்கிறது, உயிரணுவில் வளையமே இயந்திரம். டி.என்.ஏ உண்மையில் வளையத்தின் ஓட்டை வழியாகத்தான் போகிறதா என்பதே இன்னும் முடிவாகாத வாதம். தன் ஓட்டையைவிடப் பெரிய உருண்டைகளையும் இந்தப் புரதங்கள் கடந்து போவதை 2022இல் காட்டியிருக்கிறார்கள். அதாவது கூம்பு பருமனால் நிறுத்துகிறது, சி.டி.சி.எஃபோ தன் ஒரு முனையால் கோஹீசினைத் தொட்டுப் பிடித்து நிறுத்துகிறது. இதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, கண்ணி நிரந்தரம் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. சி.டி.சி.எஃப் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பது ஓரிரு நிமிடம்தான். கோஹீசினையும் சில பத்து நிமிடங்களில் வேறொரு புரதம் கழற்றிவிட்டுவிடும். 2022இல் உயிருள்ள சுண்டெலி உயிரணுவில் ஒரு குறிப்பிட்ட கண்ணியைத் தொடர்ந்து கவனித்தார்கள். அது முழுசாக மூடியிருந்த நேரம் நூற்றுக்கு 3 முதல் 6 பங்குதான். மற்ற நேரமெல்லாம் பாதி இழுத்தபடியோ அவிழ்ந்தோ கிடந்தது. இந்தக் குறை மாதிரியிலேயே சரியாகிவிடுகிறது. வளையத்தைக் கழற்றினால் கயிறு தொய்கிறது, திரும்ப மாட்டினால் திரும்ப இழுக்கிறது. பையனின் கேள்விக்கு இதுதான் பதில்: இறுக்கிச் சுருட்டி மூட்டைகட்டி வைக்கவில்லை தம்பி, நாள் முழுக்க இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவது வழி எண்ணெய். உட்கருவில் ஓய்ந்து கிடக்கும் டி.என்.ஏ பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, வேலை நடக்கிற பகுதிகள் தம்மில் சேர்ந்துகொள்கின்றன. 2009இல் குரோமோசோமின் எந்தப் பகுதி எதைத் தொடுகிறது என்று மொத்தமாகக் கணக்கெடுத்தபோது இந்த இரண்டு அணிகளும் தெளிவாகத் தெரிந்தன. 2017இல் இரண்டு குழுக்கள், ஓய்ந்த பகுதியில் இருக்கிற எச்.பி.1 என்ற புரதம் தண்ணீரில் எண்ணெய் பிரிவதுபோலத் துளியாகத் திரள்கிறது என்று சொன்னார்கள். ரசத்தில் மிதக்கிற எண்ணெய் வட்டங்களை நினைத்துக்கொள்ளலாம்.

இதை அப்பாவிடம் சொன்னேன். முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். "எண்ணெய் எதுக்கும்மா? மங்குல பாலை ஊத்தி ஆசிட் ரெண்டு சொட்டு விடு, கண்ணு முன்னாடியே திரளும். அதைவிட என்ன வேணும்?" என்றார். பார்க்க அது இன்னும் நன்றாகத்தான் இருக்கும். 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று பக்கத்துக் கோலக்கங்சாரில் இன்னும் நிற்கிறது, அதையும் பேச்சில் இழுத்துவிடலாம். ஆனால் கட்டிப்பால் திரும்பப் பாலாகாது. உயிரணுவில் ஓய்ந்த பகுதி திரும்ப விழிக்க முடியும். மண்டபத்தில் முப்பது பிள்ளைகள் நடுவே பார்மிக் ஆசிட் வைப்பதும் எனக்குச் சரிப்படவில்லை. அப்பாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்.

எண்ணெயிலும் சிக்கல். எச்.பி.1 விவகாரம் துளி திரள்வதுதானா, அல்லது சரமே சுருங்கி உருண்டையாவதா என்று 2020இலேயே எதிர்வாதம் வந்துவிட்டது. முடியாத வழக்கைப் படிவம் 4 பிள்ளைகளிடம் தீர்ப்பாகச் சொல்ல மனம் ஒப்பவில்லை. ஆனால் எண்ணெயில் ஒரே ஒரு காட்சி இருக்கிறது, அதை விட மனமில்லை. தட்டில் தண்ணீர் ஊற்றி எண்ணெய்த் துளிகள் விட்டுக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தால் துளிகள் உடைந்து சிறுசிறிதாகத் திரிகின்றன. கரண்டியை எடுத்துவிட்டால் மெல்ல ஒன்றுசேர்ந்து பெரிய வட்டமாகின்றன. 2017இல் மனித உயிரணு ஒன்றில் கோஹீசினை மொத்தமாக அழித்துப் பார்த்தார்கள். கண்ணிகள் எல்லாம் மறைந்தன. அணிகளோ மறையவில்லை, முன்பைவிடத் தெளிவாகப் பிரிந்து நின்றன. கோஹீசின்தான் அந்தக் கரண்டி. இழுத்துக் கலக்கிக்கொண்டே இருக்கிறது.

அதே சோதனையில் இன்னொரு முடிவும் உண்டு. கண்ணி எல்லாம் போன பிறகும் பெரும்பாலான மரபணுக்கள் அடுத்த சில மணி நேரம் ஏறக்குறைய வழக்கம்போல் வேலை செய்தன. வளையக் கட்சிக்காரியான எனக்கு இது தொண்டையில் மாட்டிய முள். சொல்லாமல் விட்டால் பிள்ளைகளை ஏமாற்றுவதாகும். கண்ணி ஒவ்வொரு நிமிடமும் எல்லா மரபணுவையும் ஆட்டிவைப்பதில்லை. ஆனால் கோஹீசினை டி.என்.ஏவில் ஏற்றிவிடும் என்.ஐ.பி.பி.எல் புரதத்தின் மரபணுவில் ஒரு பிரதி மட்டும் கெட்டால்கூட, வளர்ச்சி, கை, முகம் எல்லாவற்றையும் பாதிக்கும் கார்னீலியா டி லாங்கே நோய்க்குறி வருகிறது. முழு உடம்பு உருவாகிற மாதங்களில் அது எவ்வளவு முக்கியம் என்று அங்கே தெரிகிறது.

நான்காவது வழிக்குப் பொருளே வேண்டாம், மண்டபமே போதும். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் பாருங்கள், வேலை இல்லாதவர்கள் சுவரோரம் சாய்ந்திருப்பார்கள், ஓடியாடுகிறவர்கள் நடுவில். உட்கருவின் உள்சுவரில் லாமின் என்கிற புரத வலை இருக்கிறது. ஓய்ந்த டி.என்.ஏ பெரும்பாலும் அதை ஒட்டிக் கிடக்கும். மரபணு குறைந்த 18ஆம் குரோமோசோம் ஓரத்தையும், மரபணு நெருக்கமான 19ஆம் குரோமோசோம் நடுவையும் நாடுகின்றன. இதில் ஒரு வேடிக்கை: எலி போன்ற இரவு விலங்குகளின் கண்ணில், இருட்டில் பார்க்க உதவும் உயிரணுக்களில் எல்லாம் தலைகீழ். சுவரில் பிடித்துவைக்கும் புரதங்கள் இல்லாததால் ஓய்ந்த பகுதி நடுவில் உருண்டையாகத் திரண்டுவிடுகிறது. அது சின்ன லென்ஸ் மாதிரி ஒளியைக் குவிக்கிறது. 2009இல் வெளிவந்த கண்டுபிடிப்பு. செம்பனைக் காட்டில் எலியைப் பிடிக்க ஆந்தைப் பெட்டி வைக்கிற ஊரில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் பிள்ளைகளைச் சுவரோரம் நிற்கவைத்தால் ஐந்து நிமிடத்தில் மண்டபம் சந்தைக்கடை ஆகிவிடும். வாய்வார்த்தையாகச் சொல்வதோடு சரி.

முடிவுக்கு வருகிறேன். தேர்வுக்கு மட்டும் தயார்செய்கிற வகுப்பு என்றால், பூச்சரத்தை எடுங்கள், மதிப்பெண் அதில்தான் இருக்கிறது. இடம் சின்னது, பிள்ளைகள் ஐந்தாறு பேர் என்றால் எண்ணெய்த் தட்டு போதும். பெரிய மண்டபம், கலந்த கூட்டம், ஒரு கேள்வியோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றால் எனக்கு வளையம்தான். என் 45 நிமிடத்தில் முதல் பத்து நிமிடம் அக்கா கட்டின சரம், ஏனென்றால் அது இல்லாமல் நூல் எது என்றே புரியாது. அரைமணி நேரம் கயிறும் வளையமும். கடைசியில் தட்டும் கரண்டியும், நேரம் இருந்தால்.

மரபணு கெடாமலேயே காரியம் கெடும் என்பதற்குப் பெற்றோர் வரிசைக்கு ஒரு கதை தனியாக வைத்திருக்கிறேன். திசு வளர்ப்பில் பிரதியெடுத்த செம்பனையில் சில மரங்களின் காய் உருமாறி, எண்ணெய் இல்லாமல் போவது நெடுநாள் தலைவலி. 2015இல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள். ஒரு மரபணுவுக்குள் உட்கார்ந்திருக்கும், இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ துண்டு ஒன்று, டி.என்.ஏ மேலேயே ஒட்டியிருந்த மெத்தைல் குறி உதிர்ந்துபோனதால் தலைதூக்குகிறது. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, மூடிவைத்த மூடிதான் கழன்றிருக்கிறது. அந்தத் துண்டின் பெயர் கர்மா. நான் வைத்த பெயரில்லை, ஆய்வாளர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள்.

கயிறு பத்து மீட்டர் வாங்கியாயிற்று. வளையம் பன்னிரண்டு. கூம்பு மடிக்க அப்பா உட்கார்ந்துவிட்டார், ஆசிட் இல்லை என்றதும் இதையாவது கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டார். நேற்று ராத்திரி வரை நாற்பது. எல்லாவற்றிலும் நுனியைக் கொஞ்சம் அதிகமாகவே கிள்ளிவிட்டிருக்கிறார், பாதி நிற்காமல் நழுவுகிறது. இன்று திரும்ப மடிக்க வேண்டும்.